புட்டியின் மேல் எழுதியிருப்பது யாருக்காக?

பூச்சி மருந்துப் புட்டியை வாங்கும் விவசாயிகளில் பெரும்பாலோர் அதன் விலையைப் பார்க்கிறார்கள்; சிலர் பெயரைப் பார்க்கிறார்கள்; அதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிலைப் படிப்போர் மிகச் சிலரே. இதற்காக அவர்களைக் குறை கூறுவது எங்களைப் போன்ற இலாகா சிப்பந்திகளின் வழக்கமாயிருந்து வருகிறது. “படித்துப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டுவிட்டு, அத்துடன் எங்கள் கடமை தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிராமந்தோறும் சென்று செய்து காட்டும் வேலையில் இருக்கும் நான், இப்படிக் குறை கூறுவது நியாயமன்று என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த எச்சரிக்கை படிக்கப்படாமைக்கு முதற்காரணம் ஜனங்களின் அசட்டையன்று. படிப்பவனுக்கு விளங்காதபடி அது அமைந்திருப்பதேயாம். இதை எடுத்துக் கூறுவதும், விளங்கும்படி செய்ய நாம் செய்யக்கூடியவை யாவை என்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் விவசாயிகள் கூட்டமொன்றில், பச்சை முக்கோணம் அச்சிட்ட ஒரு புட்டியைக் கையில் எடுத்துக் காட்டி, “இந்தப் பச்சைக்கு என்ன பொருள்?” என்று கேட்டேன். இயற்கை மருந்து என்றார் ஒருவர். பயிருக்குக் கெடுதி செய்யாதது என்றார் மற்றொருவர். பொட்டலத் தின்பண்டங்களில் காணும் பச்சைப் புள்ளியை நினைத்துக்கொண்டு, “சைவ மருந்து; கீரைக்கு அடிக்கலாம்” என்றார் ஒரு பெரியவர். “சிவப்புப் போட்டது பெரிய பூச்சிக்கு, பச்சை போட்டது பச்சைப் புழுவுக்கு” என்று சொன்னவர், நாற்பது வருஷமாகத் தெளிப்பான் சுமந்து வரும் ஒரு கூலியாள். அவர்களில் ஒருவரும் மூடரல்லர். ஒரு குறியைக் கண்டால் தாம் அறிந்த மற்றொரு குறியைக் கொண்டு அதற்குப் பொருள் காண்பது அறிவுடையோர் செய்கையே. பிழை குறியினுடையது.

உண்மையில் அந்நிறங்களின் பொருள் என்னவென்று பார்ப்போம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971-இல் ஏற்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு புட்டியின் லேபிலிலும் மூலைவாட்டில் நிற்கும் ஒரு சதுரம் இருத்தல் வேண்டும். அது இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு, மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல்லும், கீழ்ப்பாதியில் நிறமும் இடம்பெறும். சிவப்பு மிகக் கொடிய விஷம். அதற்கு மட்டும் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் உண்டு. மஞ்சள் அடுத்த படியிலுள்ள கடும் விஷம். நீலம் நடுத்தர விஷம். அதற்கு ‘அபாயம்’ என்பது சொல். பச்சை குறைந்த விஷம். அதற்கு ‘எச்சரிக்கை’ என்பது சொல். ஆக, நான்கு நிறங்களும் விஷத்தின் நான்கு படிகளே. விஷமல்லாதது என்று ஒரு நிறம் அங்கே இல்லவே இல்லை. கொசுவை ஓட்டப் படுக்கையறையில் வைக்கும் திரவத்திற்கும், கரப்பானுக்குத் தெளிக்கும் மருந்துக்கும் இதே சட்டம்தான்.

படிகள் வகுக்கப்பட்ட முறையையும் தெரிந்துகொள்வது நலம். சோதனை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, அவற்றில் பாதி இறப்பதற்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். 50 மில்லிகிராம் வரையில் சிவப்பு. 51 முதல் 500 வரையில் மஞ்சள். 501 முதல் 5,000 வரையில் நீலம். அதற்கு மேற்பட்டது பச்சை. இக்கணக்கை நம் வீட்டுக் குழந்தைக்குப் பொருத்திப் பாருங்கள். எலி வேறு, மனிதன் வேறு என்பது உண்மையே. ஆயினும் ஒரு மதிப்பிற்காகப் பார்க்கலாம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சிவப்பின் மேல் எல்லை அரை கிராம். மஞ்சளின் மேல் எல்லை ஐந்து கிராம், அதாவது ஒரு சிறு கரண்டி. அந்த மேல் எல்லை என்பது அந்நிறத்தின் வலிமை குறைந்த சரக்குக்கே பொருந்தும். வலிமை மிக்கதற்கு இதில் ஒரு துளிப் பங்கே போதும். இவ்வளவு செய்தியையும் ஒரு நிறம் தாங்கி நிற்கிறது. ஆனால் அதை அறிந்தவர், வகுத்தவரும் எங்களைப் போல் பரீட்சைக்குப் படித்தவருமே.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். பூச்சிக்கொல்லி லேபில்களில் ‘தீங்கற்றது’, ‘விஷமற்றது’, ‘பத்திரமானது’ என்பன போன்ற சொற்களை அச்சிடலாகாது என்று மேற்படி விதிகள் தடுக்கின்றன. மிக நல்ல தடையே. ஆனால் எழுத்தறியாதவனிடம் சொல்லாகச் சொல்லக் கூடாததை, நிறமாகச் சொல்ல அதே விதிகள் இடங்கொடுத்துவிட்டன. சாலையில் பச்சை விளக்கு ‘போகலாம்’ என்கிறது. உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி ‘உண்ணலாம்’ என்கிறது. வயலிலே பச்சை என்றால் விளைச்சலும் செழிப்பும். இவ்வளவு நல்ல பொருள்களைத் தாங்கிய நிறத்தை விஷத்தின்மேல் தீட்டிவிட்டு, அதை அபாயக் குறியாகக் கொள்ளும்படி விவசாயியை எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? நீலம் மஞ்சளைவிடக் கொடிதா, மெலிதா என்பதையும் எவரும் ஊகித்தறிய முடியாது.

மண்டையோட்டின் விஷயமும் இவ்வாறே. மின்சாரக் கம்பத்தில் தொங்கும் தகட்டைப் பார்த்துப் பார்த்து, அக்குறி நம் ஊர்களில் குழந்தைக்கும் தெரிந்ததாகிவிட்டது. ஆகவே அது நல்ல குறி என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கு படிகளில் ஒன்றுக்கு மட்டும் அதை இட்டதால், அது இல்லாத மற்ற மூன்றும் விஷமல்ல என்ற எண்ணம் பரவிவிட்டது. மஞ்சள் முக்கோணமிட்ட களைக்கொல்லியான பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மண்டையோடு கிடையாது. ஆயினும் அதை ஒரு மிடறு விழுங்கியவரைக் காப்பாற்றுவது வைத்தியர்களுக்கு மிகவும் அரிது. அதற்கு மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. எலியின் கணக்கைக் கொண்டு இட்ட நிறம் இச்செய்தியைத் தெரிவிப்பதில்லை.

இனி எழுத்துக்களைப் பற்றிச் சிறிது கூறுவேன். ஆங்கிலம், இந்தி, பிரதேச மொழி ஆகியவற்றில் லேபில் இருக்க வேண்டுமென்பது விதி. அபாயச் சதுரத்திற்கு லேபில் முகப்பின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் வேண்டுமென்பதும் விதி. நூறு மில்லி புட்டியில் பதினாறில் ஒரு பங்கு என்பது கட்டைவிரல் நகத்திற்குச் சற்றே பெரிது. எஞ்சிய இடத்தில் கம்பெனியின் பெயரும் பூவும் காயும் போக, மும்மொழி எச்சரிக்கைகள் எறும்புச் சாரை போல் ஊர்கின்றன. என் வீட்டிலேயே ஒரு நாள், கொசுத் திரவப் புட்டியின் சிறு எழுத்தைப் படிக்க நானும் முயன்றேன், என் தாயாரும் மூக்குக் கண்ணாடியோடு முயன்றார்; முடியவில்லை. பத்து வயதுள்ள என் மகள் அதை வாங்கித் தடையின்றிப் படித்தாள். “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்” என்பது அவள் படித்த வாக்கியம். வீட்டிலுள்ளோரில் யாருக்கு எட்டக் கூடாதோ, அவள் கண்ணுக்கு மட்டுமே அந்த எச்சரிக்கை எட்டியது!

படிக்க முடிந்தாலும் பொருள் விளங்குவதில்லை. உள்ளே வைக்கப்பட்டிருக்கும் மடிப்புத் தாளில் அளவு ஹெக்டேருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். நம்மவர் கணக்கோ ஏக்கரும் மாவும் குழியும். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் என்பதை அறியாதவர், இரண்டரை மடங்கு விஷத்தை ஓர் ஏக்கரில் கொட்டுவதற்கு அத்தாளே ஏதுவாகிறது. ‘காத்திருப்புக் காலம்’ என்று நாட்கணக்கு ஒன்றும் அதில் உண்டு. பூச்சி சாவதற்குக் காத்திருக்க வேண்டிய நாள் என்று சிலரும், மறுமுறை தெளிப்பதற்கு இடையிலுள்ள நாள் என்று சிலரும் என்னிடம் கூறியிருக்கின்றனர். கடைசியாகத் தெளித்த நாளுக்கும் காயைப் பறிக்கும் நாளுக்கும் இடையே கழிய வேண்டிய நாட்கள் என்பதே அதன் பொருள். அதை அறியாமல், காலையில் தெளித்துவிட்டு மறுநாள் கத்தரிக்காயைச் சந்தைக்கு அனுப்பினால், லேபிலை ஒருபோதும் காணாத பட்டணத்தார் வீட்டு உலையில் அவ்விஷம் சேருகிறது.

விதைப் பொட்டலங்களின் மேலுள்ள எச்சரிக்கையும் பலருக்குப் புதிராகவே இருக்கிறது. மருந்து கலந்த விதையை ‘உணவுக்கோ, தீவனத்திற்கோ, எண்ணெய்க்கோ உபயோகிக்கலாகாது’ என்று அச்சிட்டிருப்பார்கள். “மக்காச்சோள விதையைச் செக்கில் ஆட்டுவார் யார்?” என்று ஒரு மிராசுதார் என்னைக் கேலியாகக் கேட்டார். நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் ஏற்பட்ட வாசகத்தை எல்லா விதைக்கும் பொதுவாக இட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். பொருந்தாத ஒரு சொல்லைக் கண்டதும், வாசகம் முழுவதையுமே வெற்றுச் சடங்கென்று அவர் தள்ளிவிட்டார். எச்சரிக்கையில் வேண்டாத ஒரு சொல் சேர்ந்தால், வேண்டிய சொற்களின் மதிப்பும் குறைந்துபோகிறது.

இத்தகைய அலட்சியம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஈராக் தேசத்தில் நடந்தது ஒரு பெரிய பாடம். 1971-ஆம் ஆண்டில், பஞ்சத்திற்குப் பின் அந்நாட்டார் விதைக்கென்று வெளிநாட்டுத் தானியம் வரவழைத்தனர். கோதுமையின் பெரும்பகுதி மெக்ஸிகோவிலிருந்து வந்தது. பூஞ்சாணம் பற்றாதிருக்கப் பாதரசக் கூட்டு மருந்து அதில் கலக்கப்பட்டு, அடையாளமாகச் சிவப்புச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளின்மேல் எச்சரிக்கையும் இருந்தது; ஆனால் அது அக்குடியானவர் அறியாத அந்நிய மொழியில் இருந்தது. மண்டையோட்டுக் குறியும் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. பல இடங்களில் விதைப்புப் பருவம் கடந்த பிறகே தானியம் வந்து சேர்ந்தது. வீட்டிலோ உணவில்லை. சிலர் தானியத்தைக் கழுவினர்; சாயம் போயிற்று; சாயத்தோடு விஷமும் போயிற்றென்று நம்பினர். சிலர் கோழிக்கும் ஆட்டிற்கும் போட்டுப் பார்த்தனர். சில நாள் சென்றும் அவை சாகவில்லை. பிறகு மாவரைத்து ரொட்டி சுட்டுத் தின்றனர். அவ்விஷம் உடனே கொல்வதன்று. வாரங்கள் கழித்து நரம்பையும் மூளையையும் தாக்குவது. 6,530 பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். அங்கே 459 பேர் இறந்தனர்.

அவர்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கழுவினார்கள், சோதித்தார்கள், தங்களுக்குத் தெரிந்த அறிவு முழுவதையும் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு எவரும் அவர்கள் மொழியில் சொல்லவில்லை, அவ்வளவே. நம் நாட்டு விதைகளில் இன்று கலக்கும் மருந்து வேறாயிருக்கலாம். ஆனால் மிஞ்சிய வண்ண விதையைக் கழுவிக் கோழிக்குப் போடும் வழக்கத்தை நம் கிராமங்களிலும் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

லேபில் புட்டியோடு இருக்கும்வரைதான் அதன் குறைகளைப் பற்றிப் பேசவாவது முடியும். சரக்கு இடம் மாறினால் எச்சரிக்கை முழுதும் அழிந்துவிடுகிறது. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி, கொண்டுவரப்பட்ட வழியில் உணவு மாவில் கலந்துபோய், அதை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பதற்கு அத்துயரமே தூண்டுகோலாயிற்று. அச்சட்டம் வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்பும், 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பீகார் மாகாணத்துச் சாரண் ஜில்லாவில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டபாஸ் என்னும் விஷம் இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. பூச்சிக்கொல்லி இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் கூறினர். காலியான டப்பாவை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்ற விதி ஏன் ஏற்பட்டதென்பதை இதைவிடத் தெளிவாக எந்த லேபிலும் சொல்ல முடியாது.

நம்மிடம் இன்னொரு குறையும் உண்டு. அது லேபிலில் இல்லை. நம் நாவில் இருக்கிறது. விஷத்தை நாம் ‘மருந்து’ என்றே அழைக்கிறோம். மருந்து வாங்கினேன், மருந்து அடித்தேன் என்கிறோம். நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து. பூச்சிக்குத் தெளிப்பதும் மருந்து. இக்கட்டுரையின் முதல் வரியில் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். அவ்வளவு ஊறிப்போன பழக்கம். ஆனால் குடும்பத் தகராற்றில் மனமுடைந்த ஒருவர் கையில் அது சேரும்போது மாத்திரம், ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று ஊர் முழுதும் அதன் உண்மைப் பொருளை உணர்ந்து ஓடி வருகிறது. வீட்டில் அரிசிப் பானைக்கும் அரிக்கன் விளக்கிற்கும் நடுவே அதை வைப்பதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணமென்றே நான் கருதுகிறேன். மருந்தை வீட்டில் வைக்கலாம். விஷத்தை வைக்க மனம் துணியாது. ஆகையால் பூச்சி விஷம் என்றே சொல்லிப் பழகுவோமாக.

நிலமுடையவர்களுக்கு ஒரு வார்த்தை. லேபிலைப் படிக்கத் தெரிந்தவர் தெளிப்பதில்லை. தெளிப்பவர் லேபிலைப் பார்ப்பதில்லை. புட்டி தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே திறக்கப்பட்டு, வயலுக்கு வாளியில் போகிறது. முதுகில் தெளிப்பானைச் சுமக்கும் கூலியாள் அதன் நிறத்தைக்கூட அறியான். விஷம் வாய் வழியே மட்டுமன்றித் தோல் வழியேயும் ஏறும் என்பதை அவனுக்கு யார் சொன்னார்? சம்பளம் கொடுப்பவர் எச்சரிக்கையையும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று நான் கருதுகிறேன். புட்டியை வயல் வரப்பிலேயே திறந்து, உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கலப்பதற்கு ஐந்து நிமிஷத்திற்கு மேல் ஆகாது.

இனி, நிறங்களை மாற்றக் கூடாது என்பார் கூறும் நியாயத்தையும் பார்ப்போம். எல்லாவற்றிற்கும் மண்டையோடு இட்டால், கொடியதையும் மெலியதையும் பிரித்தறிய வழியிராது. விவசாயி மெலிந்ததைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் போய்விடும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. படிகள் வேண்டியவையே, நீக்கச் சொல்லவில்லை. படியைக் காட்ட எண்ணிக்கை போதும் என்பதே என் கருத்து. நான்கு மண்டையோடு மிகக் கொடிது, ஒன்று மெலிது என்றால், எண்ணத் தெரிந்த எவரும் அறிவர். ஒன்று இருந்தாலும் விஷமே என்பதையும் மறவார். பச்சை நிறத்தை விஷத்தினின்று அறவே விலக்க வேண்டும். அபாயச் சதுரத்திற்கு நான்கில் ஒரு பங்கு இடம் தர வேண்டும். விற்கும் பிரதேசத்தின் மொழி முதலிலும், பெரிய எழுத்திலும் நிற்க வேண்டும். அளவை ஏக்கருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவை மேலிடத்தார் செய்ய வேண்டியவை, நாட்கள் செல்லலாம்.

அதுவரையில் கிராமத்தில் நாமே செய்யத்தக்கவை பின்வருவன:

1. ஊராட்சி அலுவலகச் சுவரிலும், ரேஷன் கடைச் சுவரிலும் நான்கு நிறங்களைத் தீட்டி, ஒவ்வொன்றின் கீழும் ‘விஷம்’ என்று எழுதிவைத்தல். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் மனம் வைத்தால் ஒரு நாள் வேலை.

2. சில்லறையாக வேறு புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் சரக்கை வாங்காதிருத்தல். லேபிலின்றி விற்பது குற்றம்; அவ்வாறு விற்போரை இலாகாவுக்குத் தெரிவிக்கலாம்.

3. மிஞ்சியதைக் குடிநீர்ப் புட்டியிலோ எண்ணெய்ப் புட்டியிலோ ஒருபோதும் ஊற்றிவைக்காமல், அசல் புட்டியிலேயே பூட்டிவைத்தல்.

4. காலிப் புட்டியைக் கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, புட்டியைத் துளைத்தும் நசுக்கியும், கிணறு குளங்களுக்கு அப்பால் புதைத்தல்.

5. வண்ண விதை மிஞ்சினால் கழுவிப் பயன்படுத்த எண்ணாமல் புதைத்துவிடல்.

6. யாருக்கேனும் விஷம் ஏறியதாகத் தெரிந்தால், உடம்பில் பட்ட துணியைக் களைந்து சோப்பு நீரால் கழுவி, 108 வண்டியை அழைத்து, நோயாளியோடு புட்டியையும் வைத்தியரிடம் கொண்டுபோதல். உப்பு நீரும் சாணக் கரைசலும் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பல சரக்குகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களில் கலக்கப்பட்டவை. வாந்தியில் அது நுரையீரலில் இறங்கினால் அபாயம் இரட்டிக்கும். மாற்று மருந்தின் பெயர் லேபிலில் உண்டு. வைத்தியருக்கு வேண்டிய நேரத்தில் அது கைக்கு எட்ட வேண்டும்.

எங்கள் பங்கையும் மறைப்பதற்கில்லை. துண்டுக் காகிதத்தில் மருந்தின் பெயரும் ‘ஒரு மூடி’ என்ற அளவும் எழுதிக் கொடுத்தனுப்பிய காலமொன்று எனக்கும் இருந்தது. எந்தப் புட்டியின் மூடி என்று நான் எழுதியதில்லை. நிறத்தின் பொருளையும் சொன்னதில்லை. என் சீட்டும் அந்த லேபிலைப் போன்றதே. எழுதியவனுக்கு மட்டும் விளங்கியது. இப்பொழுது கூட்டந்தோறும் முதலில் புட்டியைக் காட்டி நிறத்தின் பொருளைக் கேட்ட பின்பே பூச்சியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன். மேற்சொன்ன கிராமத்தில், கீரைக்குச் சைவ மருந்து கேட்ட பெரியவர் கூட்டம் முடிந்தபின் என்னை நிறுத்தி, “இத்தனை வருஷமாக இதை யாரும் சொல்லவில்லையே, ஐயா” என்றார். அதற்கு நான் சொல்லத்தக்க மறுமொழி ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. அடுத்த சாகுபடிப் பருவத்திற்குள், இப்பத்திரிகையைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் உள்ள புட்டிகளை இறக்கி, வீட்டாரையும் வேலையாட்களையும் அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.